எண்ணெய் குடித்த ரப்பர்

கேரளத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய பொழியூர்க் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பைபர் வள்ளத்தின் வயிற்றில் பழைய லாரி டயரை வெட்டி ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். நான் அங்கே போனது கல்லூரித் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்கு. பட்டுப்புடவையோடு மணலில் மண்டியிட்டு வள்ளத்தின் அடியைத் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வள்ளத்துக்காரர் பக்கத்தில் வந்து, கம்மலோ எதுவோ தொலைந்துபோனதா என்று விசாரித்தார். கம்மல் இல்லை, இந்த டயர் எதற்கு என்று கேட்டேன்.

அவர் சொன்னார். இங்கே துறைமுகம் கிடையாது. வள்ளத்தைத் தினமும் மணல் வழியாகத் தள்ளித்தான் கடலில் இறக்க வேண்டும், திரும்பி வந்ததும் மணல் வழியாகவே இழுத்து ஏற்ற வேண்டும். வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் தண்டை மணல் அரம் மாதிரி அராவிவிடும். தண்டு தேய்ந்தால் வள்ளத்தை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி பைபர் ஒட்ட வேண்டும். அத்தனை நாளும் வேலை இல்லை. அதனால் டயர். ஆனால் டயருக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்து வெளியே வந்துவிடுகிறது. வலையைக் கிழிக்கிறது, தள்ளுகிறவன் காலைக் கிழிக்கிறது. வளைந்த சாதனம் ஆகையால் நேராகப் படியவும் செய்யாது.

எனக்கு உள்ளே என்னவோ துள்ளியது. நான் படித்தது ரப்பர் தொழில்நுட்பம். படிப்பு முடித்துச் சென்னைக்கு வெளியே ஒரு டயர் ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, மேலாளர் இடத்துக்கு வர முடி நரைக்க வேண்டும் என்று தெரிந்ததும் பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவள். எங்கள் ஊரிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் வரும் ஆரியங்கோட்டில் என் பெரியம்மா வீட்டு மரத்துப் பால் ஷீட்டாகி, புகை ஏறி, கட்டாக வடக்கே போய், எங்கேயோ டயராகி, ஏதோ ஒரு லாரிக்கு அடியில் தேய்ந்து தீர்ந்து, கடைசியில் குப்பையாக இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆரியங்கோட்டிலிருந்து இங்கே வர ஒரு காலைப் பொழுதுகூட வேண்டாம். ரப்பர் மட்டும் ஏன் இந்தியாவைச் சுற்றி வர வேண்டும்?

கல்யாணச் சாப்பாட்டில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

ஆரியங்கோட்டில் சிறு ரப்பர் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் உண்டு. அதன் கொட்டகையில் இரண்டு இயந்திரங்கள் சாக்கு போர்த்திக் கிடந்தன. ஒன்று, ரப்பரையும் மருந்துகளையும் பிசைகிற இரட்டை உருளை. இன்னொன்று, பிசைந்ததை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தி வேகவைக்கிற பிரஸ். வாசல் மேட் செய்வதற்காக வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதைவிட வழவழப்பான பிளாஸ்டிக் மேட் சந்தைக்கு வந்துவிட, இயந்திரங்கள் ஓய்வு எடுத்துக்கொண்டன. நான் ஊருக்கு வந்த வருஷம் வடக்கேயிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டையும் அவர் எடுத்துக்கொள்வது, கொட்டகையை ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற இன்னொரு புகைப்புரையாக மாற்றுவது என்று கமிட்டி கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தது.

சங்கத்தின் தலைவி என் பெரியம்மா மகள். அக்கா விடியும் முன் தன் மரங்களில் தானே பட்டை வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு, குளித்து, புடவை மாற்றிக் கமிட்டிக்குப் போகிறவள். அவளிடம் ஓடிப்போய் வள்ளம், தண்டு, மணல் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் ஷீட்டைக் கொடியில் போட்டபடியே கேட்டாள். முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இது நடக்குமா, இல்ல ஒனக்க உற்சாகம் மட்டும் ஆக்குமா?”

நடக்கும் என்றேன். கமிட்டியில் அவள் எனக்காகப் பேசினாள். பொருளாளர் எதிர்த்தார். அவரை வில்லன் ஆக்க எனக்கு ஆசை உண்டு, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் ஷீட் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது, புகைப்புரை போதவில்லை, அதற்கு இடம் வேண்டும். ஓடாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்? கடைசியில் ஓணம் வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் கரையிலிருந்து உண்மையான ஆள் வந்து, உண்மையான தேவை உண்டு என்று கமிட்டி முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஓணம் கழிந்ததும் இயந்திரங்களை ஏற்ற லாரி வரும். அக்கா தன் பேரில் பொறுப்பு எடுத்துக்கொண்டாள். தலைவி பதவி போனாலும் பரவாயில்லை, தன் வாக்குப் போய்விடக் கூடாது என்பது அவளுடைய கவலை. இயந்திரங்கள் போனால் இனி எவ்வளவு படித்த பிள்ளை வந்தாலும் ஆரியங்கோடு ஷீட் அடித்து அனுப்புகிற ஊராகவே இருக்கும் என்பது என்னுடைய கவலை.

பிரஸ்ஸின் துருவைத் துடைப்பதற்கே நாள்கள் போயின. சூடேற்றும் தகட்டைச் சரிசெய்யக் களியக்காவிளைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். அச்சையும் அவர்தான் கடைந்து தந்தார். திருவனந்தபுரத்தில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியை தன் ஆய்வகத்தில் சோதனை செய்யச் சம்மதித்தார். ஒவ்வொரு கலவையையும் டிபன் டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோவேன். இழுத்துப் பார்த்தோம், தேய்த்துப் பார்த்தோம், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம், வெயிலுக்குச் சமமான விளக்கின் கீழ் வாட்டினோம். கம்பி இல்லாத, நேராகப் படிகிற, மணலுக்கு அசராத ஒரு கறுப்புப் பட்டை கிடைத்தது. ஆசிரியை அதைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்து, இதற்குமேல் சோதிக்க என்னிடம் கருவி இல்லை, கடலிடம் கொடு என்றார்.

மழை தொடங்கியிருந்தது. ஆனாலும் பொழியூர் வள்ளத்துக்காரர் சம்மதித்தார். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியைச் சேச்சி என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். டயரைக் கழற்றிவிட்டு, எங்கள் பட்டைகளை ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்துத் தண்டில் போல்ட் அடித்தோம். நான்தான் இடைவெளி இருக்கக் கூடாது என்று அடம்பிடித்தேன். கோடு போட்ட மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கும் ஆசிரியைக்கும் அனுப்பினேன். கடல் அடங்கும்வரை வள்ளம் கரையில் கிடக்கட்டும், இறக்கிய பிறகு சொல்லுகிறேன் என்று அண்ணன் சொன்னார்.

அவர் போன் பண்ணினார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

போய்ப் பார்த்தபோது பட்டைகள் நாய் நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் இரண்டு துண்டுகள் ஒன்றை ஒன்று நெருக்கி மேலே எழும்பி, போல்ட்டுத் தலையைத் தங்களுக்குள் இழுத்துக் கிழிந்திருந்தன. முதல் தள்ளிலேயே மணல் அதைப் பிடித்து இழுத்ததாம். பாதி வள்ளம் அலையில், பாதி கரையில், தள்ளுகிறவர்கள் காலில் இந்த ரப்பர் சுற்றி ஒருவர் விழுந்துவிட்டார். நல்லவேளை, அடி படவில்லை. ஒரு துண்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். ஆரியங்கோட்டில் கல் மாதிரி இருந்தது, இப்போது ஊறிய அப்பம் மாதிரி இருந்தது. உப்புத் தண்ணீர் இதைச் செய்யாது. எத்தனை தடவை ஊறவைத்திருக்கிறேன். மூக்குக்கு அருகே கொண்டுபோனேன்.

மீனெண்ணெய்.

சாளை மீனை உருக்கி எடுக்கிற எண்ணெய். மரவள்ளம் இருந்த காலத்தில் மரம் உளுத்துப்போகாமல் இருக்க அதைப் பூசுவார்கள். பைபர் வள்ளத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் கை பழகிவிட்டது. புது வள்ளமோ, புதுத் துடுப்போ, மாற்றிய பலகையோ, எது வந்தாலும் எண்ணெய் கொடுக்காமல் கடலில் இறக்குவது அந்தக் கரையில் வழக்கம் இல்லை. பூசுவது வீட்டுக்காரி. பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் சேச்சியின் எண்ணெய் விழுந்தாக வேண்டும். கடல் அடங்கும்வரை வள்ளம் கரையில் கிடந்த நாள்களில் எல்லாம் அவர் பூசியிருக்கிறார்.

“மத்த சாமானுக்கு ஒருக்கா பூசுவேன். இது நீ மலையில இருந்து கொண்டு வந்தது இல்லியா மோளே, அதுனால தினமும் பூசினேன்” என்றார் சேச்சி. “கறுகறுன்னு நல்லா குடிச்சுது. நீ பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பே.”

குடித்ததுதான் பிரச்சினை. இயற்கை ரப்பர் உப்புக்கு அசையாது, எண்ணெய்க்கு மட்டும் வாய் திறந்துவிடும். குடித்தால் வீங்கும், வீங்கினால் வலு போகும். இது முதல் வருஷப் பாடம். எனக்கும் ஆசிரியைக்கும் தெரியும். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று தெரிந்த நாங்கள், வள்ளத்துக்கு எண்ணெய் பூசுவார்களா என்று கேட்கவில்லை. வள்ளத்துக்கு எண்ணெய் பூசத் தெரிந்த சேச்சிக்கு, ரப்பருக்கு அது ஆகாது என்று சொல்ல யாரும் இல்லை. நடுவில் இருபது மைல்கூட இல்லாத இரண்டு ஊர்கள்.

நான் உடனே பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். பைபருக்கு எண்ணெய் வேண்டாம், பூசுவதால் எந்தப் பயனும் இல்லை, இனிமேல் பூசக் கூடாது என்று காரணத்தோடு விளக்கினேன். சேச்சி தலையாட்டிக் கேட்டார். சரி மக்கா, இனி பூசல என்றார். அவர் மனசார சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“அவ ஒனக்காக நிறுத்துவா. கடலில காத்து மாறிச்சுன்னா அன்னைக்கு ராத்திரி அவளுக்கு ஒறக்கம் வராது. பக்கத்து வள்ளத்துக்காரிய நீ எப்பிடி நிறுத்துவே? கரை முழுக்க நடந்து சொல்லுவியா?”

நடந்து சொல்லவும் தயார் என்று அப்போது தோன்றியது. பாறசாலை போகும் பஸ்ஸில் ஏறியபோது அது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்தது. ஒரு பொருள் வேலை செய்ய வேண்டுமானால் ஒரு கரையே தன் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்றால், பழுது பொருளில்தான்.

ஆசிரியை ஒரு வழி சொன்னார். எண்ணெய்க்கு அசையாத செயற்கை ரப்பர் உண்டு. அதில் செய்தால் பிரச்சினை தீர்ந்தது. அக்காவிடம் சொன்னேன். அந்த ரப்பர் எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். வெளியிலிருந்து என்றேன். அப்படியானால் ஆரியங்கோட்டில் நாம் என்ன செய்கிறோம், அடுப்பு மட்டும் வாடகைக்கு விடுகிறோமா என்றாள். அவள் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. கமிட்டியில் பொருளாளர் கேட்கப்போவதும் இதே கேள்விதான்.

சில நாள்கள் எதுவும் ஓடவில்லை. எனக்கு எதுவும் ஓடாத நாள்கள் ஆகவே ஆகாது. வீட்டில் அம்மா என்னைத் தேங்காய் துருவ உட்கார வைத்தாள். துருவிக்கொண்டே டயர் ஆலையில் பிசையும் பகுதியை நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ரப்பரில் கந்தகம் போடுவோம், கரிப்பொடி போடுவோம், கூடவே பிசைவதற்கு இளக்கமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் எண்ணெயும் ஊற்றுவோம். பெட்ரோலியக் கழிவிலிருந்து வரும் எண்ணெய். எங்கள் பட்டையிலும் அதைத்தான் வாங்கி ஊற்றியிருந்தேன்.

துருவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். எப்படியும் சேச்சி எண்ணெய் கொடுக்கத்தான் போகிறார். நாமே முதலில் கொடுத்துவிட்டால் என்ன? வாங்குகிற எண்ணெய்க்குப் பதிலாக மீனெண்ணெயையே உள்ளே ஊற்றிப் பிசைந்தால்? வயிறு நிறைந்தவன் பந்தியில் எவ்வளவு சாப்பிடுவான்?

ஆசிரியையிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. செய்து பார், ஆனால் மீனெண்ணெய் கந்தகத்தோடு தானும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், ரப்பர் வேக நேரம் எடுக்கும், அதிகமானால் மணல் முன்னால் நிற்காது என்று எச்சரித்தார். பிறகு, உன் ஆலையிலும் என் ஆய்வகத்திலும் யாருக்கும் இந்த யோசனை வராது, அவர்கள் யாரும் சேச்சியைப் பார்த்ததில்லை என்றார்.

எண்ணெய் கொடுத்தனுப்பச் சொல்லி அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் இருவரும் நேரிலேயே வந்து இறங்கினார்கள், கையில் ஒரு கேன். கேனின் மூடி சரியில்லை. பஸ்ஸில் கண்டக்டர் அவர்களைப் பின்படிக்கு அனுப்பியதையும், நெய்யாற்றின்கரை தாண்டும்போது பின்வரிசை முழுக்க காலியானதையும், அதனால் தாங்கள் கால் நீட்டிக்கொண்டு சுகமாக வந்ததையும் அண்ணன் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். சேச்சி முதல்முறையாக ரப்பர் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பட்டையில் வெட்டிய கோட்டை விரலால் தொட்டு, சிரட்டையில் சொட்டுகிற பாலைப் பார்த்து, வலிக்காதா என்று அக்காவிடம் கேட்டார். வலிக்காமல் வெட்டினால் வலிக்காது என்றாள் அக்கா. அந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் அப்போதே பிடித்துப்போய்விட்டது.

உருளை சுழன்றது. அக்கா ஷீட்டைப் போட்டாள், நான் கரிப்பொடியைத் தூவினேன். எண்ணெய் ஊற்ற வேண்டிய நேரத்தில் கேனைச் சேச்சியிடம் நீட்டினேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கேனை வாங்குமுன் சிலுவை போட்டுக்கொண்டார். நூல் போல ஊற்றினார், வள்ளத்துக்கு ஊற்றுகிற அதே நிதானத்தில். ரப்பர் அதை வாங்கிக்கொண்டது.

இனி வாசனையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். மீனெண்ணெய் குளிரில் நாறும், சூட்டில் கூப்பிடும். பிரஸ் வேக வேக அது கொட்டகையைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, சர்ச்சுக்குப் போகிற சாலை வரை போயிற்று. ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பொருளாளர் தன் வீட்டிலிருந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கொட்டகைக் காற்று அவர் வீட்டுப் பக்கம்தான் வீசும்.

“பிள்ளே, சங்கம் ரப்பர் சங்கமா, மீன் சங்கமா? எனக்க வீட்டில இன்னைக்கு ஏகாதசி ஆக்கும்.”

அக்கா மன்னிப்புக் கேட்டாள். ஆனால் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் அச்சில் வந்தது அல்வா. கையில் அழுத்தினால் விரல் பதிந்தது. அண்ணன் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்து, சுவைக்கு என்ன போட்டீங்க என்று கேட்டார். சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எண்ணெயைக் குறைத்தோம், வேகும் நேரத்தைக் கூட்டினோம். அடுத்தது கெட்டி, ஆனால் விளிம்பு வெடித்தது. கரிப்பொடியை மாற்றினோம். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் நானும் அக்காவும் அவள் பால் வேலை முடிந்த நேரம் எல்லாம் கொட்டகையில் நின்றோம். டிபன் டப்பாவில் ஆய்வகத்துக்குப் போவது தொடர்ந்தது. ஆனால் அந்த டப்பாவில் அம்மா இனிச் சோறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் இந்த முறை ஒரு சோதனை கூடியிருந்தது. மீனெண்ணெயில் ஊறவைப்பது. பட்டை இன்னும் குடிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு மாதிரி வாய் பிளந்து குடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடிக்கிற விருந்தாளி மாதிரி. அந்த ஒரு மடக்குக்காகத் துண்டுகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடம் விட்டேன், போல்ட்டுத் துளையை வட்டமாக இல்லாமல் நீளமாக வெட்டினேன். முதல் தடவை இடைவெளி கூடாது என்று அடம்பிடித்தவள் நான்தான்.

பொருத்தின அன்று சேச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடுதான் வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். பூசினாலும் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் இது பொருளே இல்லை. அவர் குனிந்து பட்டையை உள்ளங்கையால் தடவினார், கையை முகர்ந்தார். அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு நான் அங்கயே கொடுத்தாச்சு” என்றார்.

கிண்ணத்தை மணலில் வைத்துவிட்டுத் தள்ளுகிறவர்களோடு போய் நின்றுகொண்டார். எனக்கு இது தோன்றவே இல்லை. வீக்கம் குறையும் என்பதுதான் என் கணக்கு. உள்ளே ஊற்றியதும் கொடுத்ததாகவே ஆகிவிடும், அவருக்கு மனசில் குறை இருக்காது என்பது என் கணக்கிலோ ஆசிரியையின் கணக்கிலோ இல்லை. அண்ணனின் தம்பி தள்ளுப் பாட்டு எடுத்துக் கொடுக்க, எல்லோரும் தோள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், யாரும் தடுக்கவில்லை. வள்ளம் மணலில் முனகாமல் போயிற்று. அலை வந்து மூக்கைத் தூக்கிற்று.

அதன்பிறகு அண்ணன் அடிக்கடி போன் செய்வார். இரண்டு துண்டு சற்று வீங்கியிருக்கிறது, ஆனால் விட்ட இடைவெளிக்குள்தான் நிற்கிறது என்பார். பக்கத்து வள்ளத்துக்காரி தன் பங்குக்குப் பூசிவிட்டுப் போனாள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை என்பார். ஒரு துண்டு பாறையில் மோதிக் கிழிந்தது, அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொண்டோம், அதற்காக வள்ளம் ஒருநாள்கூடக் கரையில் கிடக்கவில்லை என்பார். இங்கே கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து மழை தாண்டி ஓணம் வந்தது. அத்தப்பூக் கோலம் இட்ட முற்றத்தில் உட்கார்ந்துதான் அக்கா கமிட்டிக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள்.

கமிட்டி கூடிய நாளில் அண்ணன் வெள்ளை வேட்டி உடுத்து, வள்ளத்திலிருந்து கழற்றி எடுத்த ஒரு பட்டைத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தார். மேசையில் வைத்ததுமே ஜன்னலோரம் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். பொருளாளர் அதை எடுத்தார். இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியால் ஓரத்தில் ஒரு சீவு சீவினார், மரத்தில் பட்டை சீவுகிற மாதிரி. உள்ளே கறுப்பு அப்படியே இருந்தது. விரலால் நசுக்கினார், வளைத்தார்.

“கடலில எத்தன நாள் கெடந்தது?”

“கர்க்கடகம் முழுக்க.”

“இது இல்லேன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“டயர் உண்டு” என்றார் அண்ணன். “டயர் கிடைக்கும். ஆனா இது கிழிஞ்சா இத செய்த பிள்ளையோட வீடு எனக்குத் தெரியும். டயர் செய்தவனோட வீடு எனக்குத் தெரியாது.”

பொருளாளர் ரப்பரை மேசையில் வைத்தார். அவர் கேட்டது எல்லாம் கறாரான கேள்விகள். மழையில் ஷீட் காய இடம் எங்கே? பொழியூரில் எத்தனை வள்ளம் உண்மையாகவே வாங்கும், வாய் வார்த்தைக்குச் சொல்கிறவர்களைத் தவிர? என்னைப் பார்த்து, நீ நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டால் இதை யார் பிசைவார்கள் என்றும் கேட்டார். முதல் இரண்டுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. கொட்டகையின் பின்சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிப் புகைப்புரை கட்டலாம், பிரஸ் சூட்டையே அதற்கும் திருப்பலாம் என்றாள்; பட்டைக்கு முன்பணம் கொடுத்த வள்ளங்களின் பட்டியலையும் நீட்டினாள். மூன்றாவதுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் அக்காவுக்கும், கற்றுக்கொள்ள விரும்புகிற எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் எங்கேயும் போவேன், இப்போதைக்குப் போகிற எண்ணமும் இல்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பொருளாளர் சிரித்தார்.

லாரி வேண்டாம் என்று முடிவாயிற்று. என்றென்றைக்குமாக இல்லை, அடுத்த மழை வரை. கூடவே ஒரு நிபந்தனை. ஏகாதசி அன்று பிரஸ் ஓடக் கூடாது.

அக்கா அன்றே சாய்ப்புக்கு அளவெடுக்க ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு மறுநாளே ஒரு போன் வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப்பக்கம், குளச்சலுக்கும் தெற்கே ஒரு கரையிலிருந்து. பொழியூர் அண்ணனின் சகலை. அங்கேயும் மணல்தான், தள்ளுதான், இதே பட்டையில் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா என்றார். அனுப்புகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, உங்கள் ஊரில் வள்ளத்துக்கு என்ன பூசுவீர்கள் என்று கேட்டேன்.

“மீனெண்ணெய் இல்ல பிள்ளே. இங்க அண்டித்தோட்டு எண்ணெய்.”

முந்திரிக்கொட்டையின் ஓட்டைச் சுட்டு எடுக்கிற எண்ணெய். அந்தப் பக்கம் முந்திரி உடைக்கிற கம்பெனிகள் நிறைய உண்டு. கறுத்து, கையில் பட்டால் தோல் உரிந்துபோகிற சாதனம். ரப்பருக்குள் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியைக்கும் தெரியாமல் இருக்கலாம். போனில் இருந்தவர் ஒரு குப்பியில் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்ப வேண்டாம் அண்ணே, நானே வாறேன், பூசும்போது பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.